மேட்டுநிலத்து இசையும் மொழியும்

நுழையும்முன்

ஒரு மக்களினத்தின் இசையும் ஆடலும் உடையும் உலகெங்கும் புகழ்பெற்றிருக்க, அவற்றைப் பெற்றெடுத்த மொழி தன் சொந்த ஊரிலேயே தேய்ந்துவருமாயின், அப்புகழை எவ்வாறு மதிப்பிடுவது? ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் பண்பாட்டை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஸ்காட்லாந்து என்னும் பெயரைக் கேட்ட அளவில் பெரும்பாலோர் மனத்தில் எழும் காட்சி ஒன்றே. கட்டமிட்ட கம்பளித் துணியை இடையில் மடித்துக் கட்டிய ஆடவர் ஒருவர், காற்று நிறைந்த தோற்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூடுபனி சூழ்ந்த மலைச்சரிவில் நின்று இசைக்கிறார். அத்துணி டார்ட்டன், அவ்வுடை கில்ட், அக்கருவி பேக்பைப். பிஸ்கட் தகரப்பெட்டியின் மூடி முதல் திரைப்படம் வரை இக்காட்சி இடம்பெறாத இடமில்லை.

விழாக்களுக்கும் குறைவில்லை. சனவரி 25ஆம் நாள் கவிஞர் இராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் விருந்து உலகின் பல நகரங்களில் நடைபெறுகிறது. ஏப்ரலில் நியூயார்க் நகரத் தெருக்களில் டார்ட்டன் நாள் ஊர்வலம் செல்கிறது. ஆகஸ்டில் எடின்பரோக் கோட்டையின் முன்றிலில் 1950 முதல் நிகழ்ந்துவரும் படைத்துறை இசைவிழாவைக் காணப் பல நாடுகளிலிருந்து மக்கள் வருகின்றனர். அதே மாதத்தில் கிளாஸ்கோவில் பேக்பைப் குழுக்களின் உலகப் போட்டி. செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமார் சிற்றூரின் திடலில் மேட்டுநில விளையாட்டுகள் நிகழும். முழு மரத்தண்டைத் தூக்கி எறியும் போட்டி அங்கே உண்டு. எவ்வளவு தொலைவு எறிந்தார் என்று நடுவர் பார்ப்பதில்லை. தலைகீழாகச் சுழன்று விழுந்த மரம் எறிந்தவருக்கு நேர்க்கோட்டில் கிடக்கிறதா என்பதையே பார்க்கிறார்.

இத்தனை விழாக்களையுடைய ஒரு பண்பாடு நலமாகவே இருக்கும் என்று எவரும் எண்ணுவர். ஆயின், 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறொரு செய்தியைத் தருகிறது. மேட்டுநில மக்களின் மொழியாகிய கேலிக், இன்று அன்றாடப் பேச்சுமொழியாக எஞ்சியிருக்கும் முதன்மையான இடம் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளாகும். அத்தீவுகளில் அம்மொழியைப் பேசத் தெரிந்தோர் 2011இல் 52 விழுக்காட்டினர். 2022இல் அவ்விகிதம் 45ஆகக் குறைந்தது. கேலிக் பேசுவோர் அங்கே சிறுபான்மையரானது இதுவே முதன்முறை. விழா வளர்கிறது, வீட்டில் பேசப்படும் மொழி குறைகிறது. இரண்டையும் ஒருங்கே நோக்காமல் மரபின் நலத்தைப் பற்றிப் பேச இயலாது.

தடைசெய்யப்பட்ட உடை

கெல்டிக் என்னும் சொல்லைப் பற்றி முதலில் தெளிவு வேண்டும். ஸ்காட்லாந்தின் கேலிக், அயர்லாந்தின் ஐரிஷ், மான் தீவின் மாங்ஸ், வேல்ஸ் நாட்டின் வெல்ஷ், கார்ன்வாலின் கார்னிஷ், பிரான்சின் மேற்குமுனையில் பேசப்படும் பிரெட்டன் ஆகிய ஆறும் ஒரு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கிடையேயான உறவை விரிவாக ஆராய்ந்து, எட்வர்டு லூயிடு என்னும் வெல்ஷ் அறிஞர் 1707இல் நூலாக வெளியிட்டார். அதன்பின்னரே கெல்டிக் என்னும் பெயர் இம்மொழிகளுக்கும் இவற்றைப் பேசும் மக்களுக்கும் பரவலாக வழங்கலாயிற்று. ஆகவே, அப்பெயர் அடிப்படையில் மொழியைச் சுட்டும் பெயர். மொழியை விட்டுவிட்டுக் கெல்டிக் மரபைக் கொண்டாடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேட்டுநிலத்தின் மலைகளிலும் தீவுகளிலும் மக்கள் குலங்களாக வாழ்ந்தனர். குலத்தலைவருக்குப் போரில் துணைநிற்பது குடிகளின் கடமை. குடிகளுக்கு நிலம் தருவது தலைவரின் கடமை. தெற்கே தாழ்நிலத்து நகரங்களில் வாழ்ந்தவர்கள் இம்மக்களை நாகரிகமற்றவர்கள் என்று இகழ்ந்தனர். 1745இல், அரியணைக்கு உரிமைகோரிய சார்லஸ் எட்வர்டு ஸ்டூவர்ட்டின் பின்னால் இக்குலங்களுள் பல திரண்டன. 1746 ஏப்ரல் 16ஆம் நாள் கல்லோடன் வெளியில் நடந்த போர் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. தோற்றவர்களின் படைக்கலன்களோடு உடையும் பறிக்கப்பட்டது. அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டம், ஆடவரும் சிறுவரும் மேட்டுநில உடை அணிவதைத் தடைசெய்தது. முதன்முறை மீறினால் ஆறு மாதச் சிறை. மறுமுறை மீறினால் ஏழாண்டு நாடுகடத்தல்.

பேக்பைப் கருவியின் பெயர் அச்சட்டத்தில் இல்லை. எனினும், ஜேம்ஸ் ரீடு என்னும் இசைஞர் சிறைப்பட்டு யார்க் நகர நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, தாம் வாளேந்தவில்லை, ஊதல் மட்டுமே ஊதினார் என்னும் வாதம் ஏற்கப்படவில்லை. மேட்டுநிலப் படை ஊதலின்றி அணிவகுத்ததே இல்லை. எனவே அதுவும் போர்க்கருவியே என்று நீதிமன்றம் கருதியது. 1746 நவம்பரில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அதே சட்டம், அரசரின் படையில் சேர்ந்த மேட்டுநில வீரர்களுக்கு மட்டும் அவ்வுடையை அனுமதித்தது. சொந்த ஊரில் குற்றமாகக் கருதப்பட்ட உடை, அயல்நாட்டுப் போர்க்களங்களில் வீரத்தின் அடையாளமாயிற்று. பேக்பைப்பும் அப்படைகளோடு உலகைச் சுற்றியது. இந்தியத் தரைப்படையின் படைப்பிரிவுகள் பலவற்றில் இன்றும் பேக்பைப் குழுக்கள் இருப்பது அவ்வழி வந்ததே.

உடைத்தடை 1782இல் நீக்கப்பட்டது. நாற்பதாண்டுகள் கழித்து, 1822 ஆகஸ்டில், அரசர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். ஆட்சியிலிருக்கும் அரசர் ஒருவர் ஸ்காட்லாந்து மண்ணை மிதித்து ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆகியிருந்தன. வரவேற்பை வகுத்தவர் புகழ்பெற்ற புதின ஆசிரியர் வால்டர் ஸ்காட். தாழ்நிலத்துக் கனவான்களும் கில்ட் அணிந்து வரவேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். அரசரும் டார்ட்டன் அணிந்தார். அவ்வுடைக்கும் அணிகலன்களுக்கும் ஆன செலவு 1,350 பவுண்டுக்கு மேல். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சிறைக்கு அனுப்பிய உடை, அன்றுமுதல் நாடு முழுமைக்குமான தேசிய உடையாயிற்று. இவ்விழாவை ஒரு நாட்டின் புண் ஆறிய நாளாகச் சிலர் போற்றுவதுண்டு.

அதே காலத்தில் மேட்டுநிலத்தில் நடந்தது வேறு. குலத்தலைவர்களுள் பலர் அப்போது வெறும் நிலவுடைமையாளர்களாக மாறியிருந்தனர். குடிகள் தரும் வாரத்தைக் காட்டிலும் செம்மறி ஆட்டுப் பண்ணைகள் தரும் குத்தகை மிகுதி. எனவே குடிகள் வெளியேற்றப்பட்டனர். அரசர் வருகைக்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1819இல், சதர்லாந்துப் பகுதியின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடியானவர்கள் திரும்பி வராதபடி அவர்தம் வீடுகள் கொளுத்தப்பட்டன. டொனால்டு மெக்லியோடு என்னும் கல்தச்சர், தாம் கண்ட அந்நெருப்பைப் பின்னர் எழுதிவைத்தார். கிளென்கேரியின் தலைவரான அலெஸ்டர் மெக்டொனெல், 1815இல் உண்மையான மேட்டுநிலத்தவர் சங்கம் என்று ஒன்றை நிறுவியவர். எந்நேரமும் குல உடையில் உலவியவர். 1822 விழாவில் உடையணிந்து வந்த தாழ்நிலத்தவரைப் போலிகள் என்று கண்டித்தவர். அவருடைய நிலங்களிலிருந்தும் குடிகள் வெளியேற்றப்பட்டுக் கனடாவுக்குக் கப்பலேறினர். உண்மையான மரபு எது என்று பிறருக்கு அளந்து காட்டிய கையே அம்மரபின் மக்களை அகற்றியது. மேட்டுநில மரபின் கொண்டாட்டத்தைப் பற்றி எவர் பேசினும், ஸ்ட்ராத்நேவரின் நெருப்பும் எடின்பரோவின் விருந்தும் அடுத்தடுத்து நிகழ்ந்தவை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பெரிய இசை

பேக்பைப் என்றால் அணிவகுப்பு இசை என்பதே பொது எண்ணம். கேலிக் இசைஞர்கள் அணிவகுப்பு மெட்டுகளையும் நடன மெட்டுகளையும் சிறிய இசை என்றே அழைத்தனர். பெரிய இசை என்று அவர்கள் போற்றியது பீப்ராக் என்னும் வடிவத்தை. அதன் அருமையை உணரக் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும்.

மேட்டுநிலப் பேக்பைப்பில் தோற்பை ஒன்று. அதற்குக் காற்றூட்டும் குழல் ஒன்று. விரல்கள் இயங்கும் இசைக்குழல் ஒன்று. தோளில் சாய்ந்திருக்கும் சுருதிக்குழல்கள் மூன்று. இசைக்குழலில் எழுவன ஒன்பது சுரங்களே. பையிலிருந்து காற்று இடையறாது வருவதால் ஒலியை நிறுத்த முடியாது. ஓங்கவோ தாழவோ செய்ய முடியாது. நாவால் வெட்டிச் சுரங்களைப் பிரிக்கவும் முடியாது. ஒரே சுரத்தை இருமுறை ஒலிக்கவேண்டுமானால், இடையில் வேறொரு சுரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தொட்டு மீளவேண்டும். இக்குறையிலிருந்தே கலை பிறந்தது. ஒலியின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ இயலாத கருவியில், நீட்டலாலும் குறுக்கலாலும் விரல்தொடுகைகளின் அடர்த்தியாலும் உணர்ச்சியை எழுப்பக் கற்றனர்.

பீப்ராக் இசை, தரை என்று பொருள்படும் பெயருடைய மெதுவான மெட்டில் தொடங்கும். அதன்மேல் ஒன்றையடுத்து ஒன்றாக வேறுபாடுகள் எழும்பும்; தொடுகைகள் செறிந்துகொண்டே சென்று, இறுதியில் விரல்களின் ஓட்டம் உச்சத்தை எட்டும். பிறகு இசைஞர் மீண்டும் அத்தரைக்கே இறங்கிவந்து நிறுத்துவார். ஒரு பாடம் முடியப் பத்து நிமிடமோ இருபது நிமிடமோ ஆகும். இறந்தோருக்கான இரங்கல், தலைவருக்கான வாழ்த்து, குலம் கூடும் அழைப்பு ஆகியவற்றுக்காக இவை இயற்றப்பட்டன. ஸ்கை தீவின் போரெரெய்க்கில் வாழ்ந்த மெக்ரிம்மன் குடும்பத்தினர், டன்வேகன் கோட்டையின் மெக்லியோடு தலைவர்களுக்குப் பரம்பரை இசைஞர்களாக விளங்கிப் பல தலைமுறை மாணாக்கர்களை உருவாக்கினர்.

அவர்கள் கற்பித்த முறையே இங்குக் கருதத்தக்கது. ஆசிரியர் கருவியை எடுப்பதற்கு முன் பாடத்தை வாயால் பாடிக் காட்டுவார். ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் உயிரொலி. ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு மெய்யொலிக்கூட்டு. பொருளற்ற இவ்வசைகளின் சொற்கட்டு, கேலிக் நாவின் ஒலியிலேயே அமைந்தது. எங்கே நீட்டவேண்டும், எங்கே மூச்சைத் தாங்கவேண்டும் என்பவை அதனுள் அடங்கியிருந்தன. 1781 முதல் இலண்டன் மேட்டுநிலச் சங்கம் பேக்பைப் போட்டிகளை நடத்தியது. 1838இல் ஆங்கஸ் மெக்கே பாடங்களை ஐரோப்பிய இசைக்குறிமானத்தில் அச்சிட்டார். போட்டியும் அச்சும் இல்லையேல் பல பாடங்கள் அழிந்திருக்கும். ஆனால், காலப்போக்கில் அச்சிட்ட வடிவமே அளவுகோலாயிற்று. ஆசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்ட வேறு வடிவத்தை வாசிக்கும் இசைஞர் பரிசை இழக்க நேர்ந்தது. காப்பாற்றிய கையே இறுக்கவும் செய்தது. போட்டியை ஒழிக்கவேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார். நடுவர் மேசையில் விரித்துவைத்த தாள் மட்டுமே மரபு என்று நம்புவதுதான் தவறு.

வேலையும் பாட்டும்

பேக்பைப் ஆடவர் கலையாகவும் தலைவர்களின் கொடையால் வாழ்ந்த கலையாகவும் இருந்தது. மக்களின் இசை வேறிடத்தில் இருந்தது. மேற்குத் தீவுகளில் நெய்த கம்பளித் துணி அப்படியே உடுத்தத் தக்கதன்று. நனைத்த துணியை நீண்ட பலகையின்மேல் கிடத்தி, இருபுறமும் பெண்கள் வரிசையாக அமர்ந்து, மணிக்கணக்கில் அடித்தும் தள்ளியும் புரட்டியும் சுருக்கினால்தான் அது காற்றுக்கும் மழைக்கும் தாங்கும் துணியாகும். அவ்வேலை பாட்டின்றி நடக்காது. ஒருத்தி அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் பொருளற்ற அசைகளால் அமைந்த பல்லவியை ஏற்றுப் பாடுவர். பல்லவிக்குப் பொருளில்லை, ஆனால் பாட்டுக்குப் பாட்டு அது மாறாமல் வேறுபட்டு நின்றது. பாட்டின் வரிகளில் காதல் உண்டு, கடலில் மூழ்கியவர்க்கான புலம்பல் உண்டு, ஊர்வம்பும் உண்டு. எழுத்தறியாத பெண்களின் நினைவிலேயே இப்பாடல்கள் நூற்றாண்டுகளைக் கடந்துவந்தன.

இரவுகளில் ஒரு வீட்டில் கூடிக் கதை சொல்வதும் பாடுவதும் வழக்கம். கெய்லி என்று அதற்குப் பெயர். ஒருவரையொருவர் கண்டுவரச் செல்லுதல் என்பதே அச்சொல்லின் பொருள். இன்று அச்சொல் நகர மண்டபங்களில் நிகழும் குழு நடனத்தைக் குறிக்கிறது. நடன மெட்டுகளுக்கு இசைக்கருவி கிடைக்காத இடத்தில், விரைவான சொற்களை மெட்டில் பாடி அதற்கே ஆடினர். கேலிக் பேச்சின் குறில் நெடில் அழுத்தங்களே அம்மெட்டுகளின் தாளம். பேச்சும் பாட்டும் ஆட்டமும் ஒரே நூலின் முறுக்குகளாக இருந்தன.

இவற்றைத் திரட்டியவர்களின் பணி பெரிது. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் 1951இல் தொடங்கப்பட்ட ஸ்காட்டிஷ் ஆய்வுப்பள்ளி, ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊரூராகச் சென்றது. காலம் மெக்லீன் கேலிக் கதைகளைப் பதிந்தார். ஹேமிஷ் ஹென்டர்சன், ஊர்விட்டு ஊர் சென்று தகரவேலையும் கூலிவேலையும் செய்து வாழ்ந்த நாடோடி மக்களிடம் சென்றார். கண்ணியமான வீடுகளின் வாயிலில் நிறுத்தப்படாத அம்மக்களிடமே மிகப் பழைய கதைப்பாடல்கள் முழுமையாக இருந்தன. 1953இல் அபர்தீன் நகரில் அவர் கண்ட ஜீனி இராபர்ட்சன், அந்நாட்டின் தலைசிறந்த பாடகருள் ஒருவராக அறியப்பட்டார். மரபின் காவலர் என்று எவரும் அவரை முன்னர் அழைத்ததில்லை.

இங்கு ஒரு செய்தி தமிழருக்கு நெருக்கமானது. தென்னிந்தியாவின் ஊர் வரலாறுகளையும் சுவடிகளையும் பெருந்தொகையாகத் திரட்டிய காலின் மெக்கன்சி, மேற்குத் தீவுகளுள் ஒன்றான லூயிஸின் ஸ்டோர்னோவே ஊரில் பிறந்தவர். அவருடைய தொகுப்பின் ஒரு பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. அவர் 1821இல் மறைந்தார். அவர் பிறந்த தீவுகளின் வாய்மொழி வழக்குகளை இத்தகைய ஈடுபாட்டோடு திரட்டும் பணி, அவருக்கு நெடுநாள் பின்னரே தொடங்கியது.

போலி என்னும் குற்றச்சாட்டு

மேட்டுநில மரபு முழுவதுமே கற்பனை என்று கூறுவோரும் உளர். வரலாற்றறிஞர் ஹியூ டிரெவர்-ரோப்பர், 1983இல் வெளிவந்த மரபுகளின் புனைவு பற்றிய தொகுப்பு நூலில், இன்றைய கில்ட் 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தொழிலதிபர் ஒருவரால் உருவாக்கப்பட்டது என்றும், குலத்துக்கொரு டார்ட்டன் என்னும் வழக்கம் அதனினும் பிற்பட்டது என்றும் வாதிட்டார். முதற்கூற்றைப் பலர் மறுக்கின்றனர். இரண்டாவதில் உண்மை மிகுதி. பானக்பர்னிலிருந்த வில்சன் நெசவகம், தன் துணிவகைகளுக்கு முதலில் எண்களையும் பின்னர் விற்பனைக்கேற்பக் குலப்பெயர்களையும் இட்டது. பழஞ்சுவடியிலிருந்து எடுத்தது என்று கூறி 1842இல் அச்சிடப்பட்ட டார்ட்டன் நூலொன்று போலி என்று பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது.

பர்ன்ஸ் விருந்தும் இவ்வாறே ஆராயத்தக்கது. அது 1801இல் கவிஞரின் நண்பர்கள் ஒன்பதுபேர் அவர் பிறந்த அலோவே ஊரில் கூடியதில் தொடங்கியது. இன்று அவ்விருந்தில் கில்ட் அணிந்தோர் நிறைந்திருப்பர். பேக்பைப் முழங்க உணவுத்தட்டு வரும். பர்ன்ஸ் மேட்டுநிலத்தவர் அல்லர். அவர் எழுதிய மொழி கேலிக்கும் அன்று, தாழ்நிலத்து ஸ்காட்ஸ். ஆயினும் விருந்தை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. வாழ்வின் இறுதி ஆண்டுகளில், மறைந்துகொண்டிருந்த நாட்டுப்பாடல்களைத் தேடித் திருத்திச் சேர்த்துத் தந்தவர் அவர். அப்பணிக்குக் கூலி கேட்கவில்லை. அவரைப் பாட்டோடு நினைவுகூர்வது பொருத்தமானதே.

புனைவு என்று கண்டுபிடித்துவிட்டால் ஒரு மரபைத் தள்ளிவிடலாம் என்னும் எண்ணம் எளிமையானது, அதனாலேயே ஐயத்திற்குரியது. எந்த மரபும் ஏதோ ஒரு நாளில் யாரோ ஒருவரால் புதிதாகச் செய்யப்பட்டதே. மேட்டுநில விளையாட்டுகளின் வாள் நடனம் ஒருகாலத்தில் ஆடவர்க்கே உரியதாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்கள் போட்டிக்கு வந்தனர். இன்று ஆடுவோரில் பெரும்பாலோர் பெண்களே. குறுக்காக வைத்த இரு வாள்களைக் கால்விரல் தொடாமல் அவற்றினூடே ஆடும் அருமை இதனால் குறைந்துவிடவில்லை. ஷெட்லாந்துத் தீவின் லெர்விக் நகரில் சனவரி இறுதிச் செவ்வாய்க்கிழமை நிகழும் தீப்பந்த விழா, கெல்டிக் மரபன்று, வடபுலக் கடலோடிகளின் நினைவு. அதன் ஊர்வலக் குழுக்களில் 2023 வரை பெண்களுக்கு இடமில்லை; அவ்வாண்டு அவ்விதி நீங்கியது. விழா நின்றுவிடவில்லை.

எனவே, பழமையின் அளவைக்கொண்டு மரபை எடைபோடுவதில் பயனில்லை. கேட்கவேண்டிய வினா வேறு: அடுத்த தலைமுறைக்கு அதனைக் கற்பிப்பவர் யார்? அவர் எங்கே வாழ்கிறார்? கற்கும் சிறுவருக்கு அதன் சொல் புரிகிறதா?

கேப் பிரெட்டனும் பாராவும்

இவ்வினாவுக்கு இரு ஊர்கள் விடைதந்தன. வெளியேற்றப்பட்ட கேலிக் மக்களில் பெருந்தொகையினர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், குறிப்பாகக் கேப் பிரெட்டன் தீவில் குடியேறினர். அவர்களோடு வயலினும், தரையை ஒட்டிப் பாதங்களால் தாளமிடும் ஆட்டமும் சென்றன. 1971இல் கனடாவின் பொது ஒலி-ஒளிபரப்பு நிறுவனம், கேப் பிரெட்டனின் வயலின் கலைஞர் மறைந்துவருகிறார் என்னும் கருத்தில் ஆவணப்படம் ஒன்றைத் தயாரித்தது. இளைஞர்கள் கற்கவில்லை, முதியோரோடு இக்கலை முடிந்துவிடும் என்றது படம். தீவு மக்களுக்குச் சினம் வந்தது. 1973இல் கிளென்டேல் ஊரில் அவர்கள் நடத்திய விழா மேடையில் நூற்றுக்கு மேற்பட்ட வயலின் கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்து வாசித்தனர். அவ்விழா ஊர்வலமாக முடிந்துவிடவில்லை. வகுப்புகள் தொடங்கின, சிறுவர் வில்லைக் கையிலெடுத்தனர். 1990களில், ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த அப்பாத ஆட்டத்தைக் கற்பிக்கக் கேப் பிரெட்டனிலிருந்து ஆசிரியர்கள் ஸ்காட்லாந்துக்கே சென்றனர். துரத்தப்பட்டோரின் கொள்ளுப்பேரர்கள் தாய்நிலத்துக்கு ஆட்டத்தைத் திருப்பித் தந்த அந்நிகழ்வை ஆறுதலாகவும் கொள்ளலாம். தாய்நிலத்துக்கு நேர்ந்த நாணமாகவும் கொள்ளலாம்.

மற்றோர் ஊர் மேற்குத் தீவுகளின் தென்கோடியிலுள்ள பாரா. தம் பிள்ளைகள் தீவின் பாடல்களை அறியாமல் வளர்வதைக் கண்ட ஊரார், 1981இல் ஒரு கோடைப் பயிற்சிவிழாவை நடத்தினர். ஃபேஷ் என்னும் கேலிக் சொல் விழாவைக் குறிக்கும். ஆயின், இவ்விழாவில் பார்வையாளர் வரிசையைவிட வகுப்பறையே முதன்மையானது. பகலில் பிள்ளைகள் பேக்பைப், வயலின், பாட்டு, ஆட்டம் ஆகியவற்றைக் கற்பர்; கற்பித்தல் இயன்றவரை கேலிக்கிலேயே நடக்கும்; மாலையில் ஊர் கூடும். இன்று ஸ்காட்லாந்தெங்கும் நாற்பதுக்கு மேற்பட்ட ஃபேஷ்கள் நடைபெறுகின்றன. இன்றைய மேடைகளில் புகழ்பெற்ற இளங்கலைஞர் பலர் அவ்வகுப்புகளில் பயின்றவர்கள். எடின்பரோக் கோட்டை விழாவில் ஒளிவிளக்குகள் மிகுதி என்பதில் ஐயமில்லை. எனினும், பாராவின் பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுமி தவறாக வாசித்துத் திரும்பத் திரும்பத் திருத்தப்படும் அந்த ஒரு மணி நேரத்திற்கு ஈடாக அதனை வைக்க இயலாது.

தீவில் எஞ்சியவர்

1872ஆம் ஆண்டுக் கல்விச்சட்டம், கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தபோது கேலிக் மொழிக்கு எவ்விடமும் தரவில்லை. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 1891இல் இரண்டரை இலட்சமாக இருந்த கேலிக் பேசுவோர் தொகை, நூறாண்டுகளில் முக்கால் பங்கு குறைந்தது. விந்தை என்னவெனில், கேலிக் இசைக்கும் இலக்கியத்துக்குமான மோட் என்னும் பெருவிழா ஓபன் நகரில் 1892இல் தொடங்கியது. வகுப்பறையில் அடிவாங்கிய மொழிக்கு மேடையில் பதக்கம் வழங்கப்பட்டது.

நிலைமை இன்று முன்புபோல் இல்லை. 1985 முதல் கேலிக்வழிக் கல்வி கிளாஸ்கோவிலும் இன்வர்னஸ்ஸிலும் தொடங்கிப் பரவியது. 2005இல் ஒரு மொழிச்சட்டம் வந்தது. 2025இல் கேலிக்குக்கும் ஸ்காட்ஸ் மொழிக்கும் அலுவல் நிலை வழங்கும் சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாடு முழுவதும் கேலிக் பேசத் தெரிந்தோர் 2011இல் ஏறத்தாழ 58,000; 2022இல் ஏறத்தாழ 70,000. நகரங்களில் பள்ளியில் கற்றவர்கள் பெருகுகின்றனர்; தீவுகளில் வீட்டில் பேசுவோர் குறைகின்றனர். இவ்விரு எண்களையும் கூட்டி மொழி வளர்கிறது என்று மகிழ்வோர், வகுப்பில் கற்ற மொழிக்கும் பாட்டி திட்டும்போது கேட்ட மொழிக்கும் உள்ள வேறுபாட்டைக் கருதுவதில்லை. 2020இல் மேட்டுநில-தீவுகள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட நூலொன்று, அன்றாடப் பேச்சுமொழியாகக் கேலிக் வழங்கும் தீவுச் சமூகங்கள் பத்தாண்டுகளுக்குமேல் நிலைப்பது அரிது என்று எச்சரித்தது. அக்கூற்று மிகையானது என்று மறுத்தோரும் உண்டு. தேய்வே இல்லை என்று மறுத்தவர் எவருமிலர்.

தேய்வுக்குக் காரணம் இசை மீதான வெறுப்பன்று. தீவில் வேலை குறைவு. கடற்காட்சிக்காக வெளியூரார் விடுமுறை வீடுகளை வாங்குவதால் வீட்டின் விலை உயர, உள்ளூர் இளையோர்க்கு வீடு கிடைப்பதில்லை. அவர்கள் கிளாஸ்கோவுக்குச் செல்கின்றனர். அன்று ஆட்டு மந்தைக்கு இடம்விட்டு அகன்றவர்கள் போலவே, இன்று வேறொரு வருவாய்க்கு இடம்விட்டு அகல்கின்றனர். அவ்விடுமுறை வீடுகளைத் தேடி வருவோரில் பலர், மேட்டுநில இசையை உளமார விரும்பி வருபவர்கள். விருப்பம் பொய்யன்று, அதன் விளைவை அவர்கள் அறியார்.

ஆகவே, மரபுக்கெனப் பொதுப்பணத்தைச் செலவிடும் அரசு, அணிவகுப்புக்கு ஒரு பவுண்டு தருமாயின், தீவில் ஓர் இளங்குடும்பம் குடியிருக்க வீடும், அவ்வூர்ப் பள்ளிக்குக் கேலிக் ஆசிரியரும் கிடைக்க அதனினும் மிகுதியாகத் தரவேண்டும். சுற்றுலா வருவாயே விழாக்களால் வருகிறது என்று சொல்வோர் உண்டு. அவ்வருவாயில் ஒரு பங்கை வீடுகளுக்குத் திருப்புவதை அக்கூற்று தடுக்கவில்லை. துணியடிக்கும் பாட்டைப் பயணிகள் முன் பாடிக்காட்டும் குழுக்கள் இன்றும் தீவுகளில் உள்ளன. மேசையின்மேல் நனைந்த துணி சுற்றிவரும். பார்வையாளரும் உட்கார்ந்து அடிக்க அழைக்கப்படுவர். பல்லவியின் பொருளற்ற அசைகளை எந்த நாட்டவரும் அரைநாழிகையில் கற்றுக்கொள்வர். அடியெடுத்துப் பாடும் வரிகளை மட்டும், அம்மொழியை அறிந்தவர் ஒருவரே பாடவேண்டும்.